படத்தில் இல்லாத குழாய்

"இந்தக் குழாய் படத்துல இல்லையே!"

எஞ்சினைப் பழுதுபார்த்து ஓட வைக்கும் பிட்டர், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பழம்பொருள் இலாகா மேடம், நீராவி எஞ்சினை மூன்றாவது சுற்றாக வலம் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம், மறு கையில் பூதக்கண்ணாடி.

எஞ்சினுக்கு நூறு வயது. வாரக் கடைசியில் சுற்றுலா ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏழு மைல் போய் வரும். இன்று இரண்டு கையெழுத்து விழுந்தால் தொடர்ந்து ஓடலாம். பழைய தோற்றம் மாறவில்லை என்று மேடம் ஒன்று, பாதுகாப்பாக ஓடும் என்று பாய்லர் இன்ஸ்பெக்டர் ஒன்று. ஒன்று குறைந்தாலும் எஞ்சினை மேடையேற்றி, சுற்றி வேலி போட்டு, பொம்மையாக்கிவிடுவார்கள். பிட்டரை எங்கேயாவது கண்காணாத குடோனுக்குத் தூக்கியடிப்பார்கள்.

"மேடம், அது பிரேக் குழாய். அது இல்லாட்டி வண்டி நிக்காது."

"படத்துல நிக்குதே!"

"குழாய்ல கை வெச்சே, நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர்.

பிட்டர் யோசித்தார். கழற்றத்தானே கூடாது? மறைக்கலாமே! எஞ்சின் நிறத்திலேயே கறுப்புப் பெயின்ட் எடுத்துக் குழாய்க்கு ஒரு பூச்சுப் பூசினார். மேடத்தின் கண்ணுக்குக் குழாய் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரின் கண்ணுக்கும் தெரியவில்லை. இணைப்பு எங்கே என்று குனிந்து தேடியவரின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை பட்டையாக ஒரு கோடு விழுந்தது.

"என்னய்யா இது?"

"பெயின்ட் சார்."

"அது தெரியுது!"

அதற்குள் மேடம் ஏணியில் ஏறியிருந்தார். "மேல ரெண்டு வால்வு இருக்கு. படத்துல ஒண்ணுகூட இல்ல."

"நீராவி அதிகமாச்சுன்னா அதான் மேடம் வெளிய விடும். அது இல்லேன்னா எஞ்சின் வானத்துக்குப் போயிடும். கூடவே நாமளும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. படத்துல இல்லாதது எஞ்சின்ல இருக்கக் கூடாது."

பிட்டரின் போன் அலறியது. மனைவி.

"என்னங்க, பொட்டி கட்டவா வேணாமா? பொண்ணு ஸ்கூல்ல வேற சொல்லணும்."

"இருடி, பேசிக்கிட்டு இருக்கேன்."

"ரெண்டு பேர்ல யாருக்குத் தலையாட்டுறீங்க?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப கட்டிடறேன்."

பிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தகர டப்பாவை வெட்டினார். மேடம் பார்க்கிற ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் என்று வால்வுகளின் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்தார். தொப்பி கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. கீழே ஃபயர்மேன் அடுப்பில் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பதைத்தான் மறந்துபோனார்.

புஸ்ஸ்ஸ்! வால்வு திறந்தது. தகரத் தொப்பி பக்கத்து ஷெட்டின் கூரைக்கு மேலே எகிறி, இரண்டு குட்டிக்கரணம் போட்டு, வாசலில் நின்ற காரின் மேல் தொபீர் என்று இறங்கியது. இன்ஸ்பெக்டரின் கார்.

இன்ஸ்பெக்டர் காரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வால்வு நல்லாத்தான் வேலை செய்யுது," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பிட்டரிடம், "உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்," என்றார்.

ஒரு கையெழுத்து வந்துவிட்டது! பிட்டர் மூச்சு விடுவதற்குள் மேடம் மறுபடியும் பூதக்கண்ணாடியைத் தூக்கினார்.

"படத்துல தண்டவாளமே தெரியலையே?"

பிட்டருக்குப் பொறுமை போயிற்று. "அதையும் கழட்டிடவா மேடம்? ஒரேயடியா எஞ்சினையும் கழட்டிட்டா படத்தை மட்டும் ஓட்டிக்கலாம்!"

"கிண்டலா?" மேடம் பேனாவைத் திறந்தார். "தோற்றம் மாறியிருக்கு. மேடையில நிறுத்தச் சொல்லி எழுதறேன்."

பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் டிக்கெட் கவுன்ட்டர் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். "நாப்பது பேர் வரிசையில நிக்கிறாங்க. டிக்கெட் குடுக்கவா, வீட்டுக்கு அனுப்பவா?"

அக்காவின் பார்வை மேடத்தின் கையிலிருந்த படத்தில் விழுந்தது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"ஐயோ, இது உங்களுக்கு எங்க கெடைச்சுது? ஸ்டாஃப் கிளப் நாடகத்துக்கு எங்கப்பா அட்டையில செஞ்ச எஞ்சினாச்சே! மேல வருது பாருங்க, அது அவரு உள்ள உக்காந்து விட்ட சிகரெட்டுப் புகை!"