டிஸ்பாட்ச் அண்ணன் பட்டமளிப்பு விழாவுக்குப் புறப்பட்டார்

கவலைப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி என்று ஒன்று இருந்திருந்தால், எங்கள் தெரு டிஸ்பாட்ச் அண்ணன் இந்நேரம் அதற்கு ஜெனரல் மேனேஜர் ஆகியிருப்பார். ஆம்பூரில் அப்படி ஒரு கம்பெனி இல்லாததால், ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசராக இருந்துகொண்டு அதே வேலையைச் செய்துவந்தார். நானும் அதே கம்பெனிதான். ஏற்றுமதிப் பேப்பர்களை டைப் அடிக்கிற ஆபீஸ் வேலை. வீடும் அடுத்த வீடு. அதனால் அண்ணனின் கவலையைப் பகலில் ஆபீஸிலும், மாலையில் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகவும், இரண்டு ஷிஃப்ட் பார்த்தவள் நான்.

ஷூ பெட்டிகளை ஏற்றிய கன்டெய்னர் லாரி, சென்னைத் துறைமுகத்தின் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் கப்பல் போய்விடும். சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டும். மேனேஜரின் ரத்த அழுத்தமும் கூடவே மேலே ஏறும். ஆகவே லாரிக்குச் சீல் வைத்து, கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போ" என்று அனுப்பிய கையோடு அண்ணன் போனை எடுத்துவிடுவார்.

"எங்க இருக்கே?"

"பள்ளிகொண்டா தாண்டிட்டேண்ணா."

பத்து நிமிடம் கழித்து மறுபடி, "இப்ப எங்க?"

ஆம்பூரிலிருந்து துறைமுகம் வரை எத்தனை டோல்கேட், எங்கே வேகத்தடை, எந்த டீக்கடையில் டிரைவர்கள் ஏமாற்றி நிற்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சாலையில் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. எல்லாம் காதால் பார்த்ததுதான். அனுப்பிவிட்டு வாசலில் நிற்பதுதான் அவர் உத்தியோகம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, "சீக்கிரம் சாப்புடுங்கமா, கேட் மூடிடும்" என்பார். எந்த கேட் என்று கேட்டால் முழிப்பார்.

இந்த உத்தியோகத்தால் அவர் தவறவிட்டது ஒன்றே ஒன்றுதான், மகள் கிருபாவின் விசேஷங்கள். பள்ளி ஆண்டு விழாவில் அவள் பரிசு வாங்கியபோது ஒரு லாரி பஞ்சர். சர்ச்சில் தனியாகப் பாடியபோது ஒரு லாரிக்குப் பேப்பர் வரவில்லை. என்ஜினியரிங் காலேஜில் சேர்த்தபோதும் அவர் மனைவி எஸ்தர் அக்காதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளோடு போனார். சென்னை போகிற சாலையில் இருக்கிற அதே காலேஜில் இப்போது பட்டமளிப்பு. சனிக்கிழமை விழா, ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு திரும்புவது என்று திட்டம். மகள் போனில் சொன்னதை அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னார்.

"வேலை இருந்தா பரவால்லப்பான்றாமா. கோச்சிக்கினா தாங்கிப்பேன். பரவால்லன்றா."

எனக்கு வழக்கமாக வருகிற எரிச்சல் அன்றைக்கு வரவில்லை.

அடுத்த நாளே வந்துவிட்டது. ஒரு வேன் பேசி, நெருங்கிய சொந்தங்களோடு என்னையும் சேர்த்து, எங்களை அண்ணன் சரக்காக மாற்ற ஆரம்பித்தார். பைகளுக்கெல்லாம் மேல்நோக்கி அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர். வழியில் இறங்கக் கூடியவர்கள் கதவோரம். அவருடைய அக்கா, நாங்கள் பெரியத்தை என்று கூப்பிடுகிறவர், கொஞ்சம் கனமான உடம்பு. "வெயிட்டு ஆக்ஸில் மேல இருந்தாதான் வண்டி ஆடாது" என்று அவருக்குப் பின்சக்கரத்துக்கு மேலே சீட் போட்டார். அவ்வளவுதான், பெரியத்தை அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். விழா மண்டபத்தின் கதவை மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள், பெற்றோருக்கு இரண்டே பாஸ், மற்றவர்கள் வெளியே ஷாமியானாவில் உட்கார்ந்து திரையில் பார்க்கலாம் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் மகளுக்குப் போன் போட்டார்.

"கதவு உள்பக்கம் தொறக்குமா, வெளிப்பக்கமா?"

"அப்பா, அது ஆடிட்டோரியம்ப்பா. கன்டெய்னர் இல்ல."

நாலு மணி நேரப் பயணத்துக்கு விடியற்காலையிலேயே எங்களை ஏற்றினார். எல்லோரும் உட்கார்ந்ததும் பெரியத்தை பயணத்துக்காக ஜெபம் ஆரம்பித்தார். பெரியத்தை ஜெபம் சின்ன ஜெபம் இல்லை. ரோடு, டயர், டிரைவரின் கண், எதிரே வரும் லாரிக்காரனின் கண் எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்படைப்பார். நாங்கள் கண்ணை மூடியிருந்தோம். வெளியே அண்ணன் ஒவ்வொரு தலையாக எண்ணும் சத்தம் கேட்டது. "கரெக்டா இருக்கு" என்றார். கதவைச் சாத்தினார். இரண்டு தட்டு. "ரைட், போ!"

வேன் போய்விட்டது.

பெரியத்தை ஆமென் சொன்னபோது நாங்கள் நெடுஞ்சாலையில் இருந்தோம். முன் சீட்டில் இருந்தவர்கள் அண்ணன் பின்னால் இருப்பதாக நினைத்தார்கள், பின் சீட்டில் இருந்தவர்கள் முன்னால் என்று நினைத்தார்கள். வண்டி இவ்வளவு அமைதியாகப் போகிறதே என்று எனக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

பள்ளிகொண்டாவை நெருங்கும்போது சீட்டுக்கு அடியில் இருந்த மருந்துப் பைக்குள் ஒரு போன் அடித்தது. அண்ணன் போன். பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே அதில் வைத்தது. எஸ்தர் அக்கா எடுத்தார்.

"ஹலோ, யாரு?"

"வண்டி எங்க போது?"

"பள்ளிகொண்டா கிட்ட. நீங்க யாரு பேசறது?"

"நான்தான் பேசறேன், எஸ்தரு."

அக்கா முன் சீட்டை எட்டிப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். பிறகு போனையே பார்த்தார். அண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவருடைய சொந்த நம்பர். கம்பெனி கேட்டுக்கு ஓடிப்போய், அங்கிருந்த போனில் அதைத்தான் அடித்திருக்கிறார். போனை நான் வாங்கினேன்.

"அண்ணா, அங்கியே நில்லுங்க. வண்டிய திருப்பினு வர்றோம்."

"வாணாம்! அனுப்சின வண்டி திரும்பக் கூடாதுமா! நீங்க போங்க. இங்க சுபான் பாய் லாரி கெளம்புது, காலேஜ் வாசல் வழியாத்தான் போவுது. நான் அதுல வந்துர்றேன்."

"லாரி ஆமை மாதிரி வரும்ணா. பஸ்ஸப் புடிங்க!"

"பஸ்ஸ யாரும்மா செக் பண்ணாங்க? இந்த லாரிய நானே செக் பண்ணியிருக்கேன்."

வைத்துவிட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்றார் எஸ்தர் அக்கா. பிறகு அண்ணனின் போனை என்னிடமிருந்து வாங்கி, அண்ணன் வேலையைத் தாமே ஆரம்பித்தார்.

"பாய், எங்க இருக்கீங்க?"

"வாலாஜா தாண்டிட்டோம்மா!" என்றார் சுபான் பாய்.

பின்னாலிருந்து அண்ணன் அலறினார். "பொய்யி! இப்பத்தான் வேலூரே வருது! பாய், அப்ப இத்தினி வருஷமா எனக்கு சொன்னதெல்லாம்?"

"அட, நீங்க பேஜார் ஆவக் கூடாதுன்னுதாண்ணா சொல்றது. நாங்கல்லாம் பேசி வச்சிக்கினதுதான்."

அதன்பிறகு நடந்ததைப் பாய் பிற்பாடு சொன்னார். லாரி காவேரிப்பாக்கம் வந்தது. அங்கே லாரியை நிறுத்தி டயர் சூட்டைப் பார்த்து, ஆறவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அண்ணனே போட்ட சட்டம். இன்றைக்கு மட்டும் விட்டுவிடலாம் என்று கெஞ்சினாராம். "உங்க ரூலுதானேண்ணா" என்று பாய் அசையவில்லை. கடைசியில் அண்ணன் கீழே இறங்கி நின்று, "ஏரி இவ்ளோ பெருசா இருக்குது, ஒருத்தனும் சொல்லலியே பாய்" என்றாராம்.

நாங்கள் காலேஜ் போய்ச் சேர்ந்தபோது, மூன்று கல்யாணம் பார்க்கிற அளவுக்கு நேரம் மிச்சம் இருந்தது. அந்த நேரம் முழுக்கச் சுபான் பாய்க்குப் போன் போட்டே கழிந்தது. கறுப்பு கவுனில் ஓடிவந்த கிருபா, "அப்பா எங்க?" என்றாள். "பக்கத்துல வந்துட்டாரு" என்றார் எஸ்தர் அக்கா. சுபான் பாய் அந்த மாதிரிப் பொய்யை ஏன் கண்டுபிடித்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. கிருபா தலையாட்டிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள். போகும்போது வாசலை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மணி ஆனது. பேட்ஜ் குத்திய மாணவர்கள் மண்டபக் கதவை மூட வந்தார்கள். எஸ்தர் அக்கா ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றுகொண்டார். தெருவில் உரக்கப் பேசிக்கூட நான் கேட்டிராத பெண்மணி அவர்.

"தோ வந்துட்டாரு தம்பி."

"மேடம், ரூல்ஸ் மேடம்."

"மூடிக்கோ. என் காலோட சேத்து மூடிக்கோ."

அந்தப் பையன் கதவையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காலேஜ் வளைவுக்கு வெளியே கன்டெய்னர் லாரியின் ஹாரன் ஊரையே தூக்கியது. அண்ணன் டிரைவர் கேபின் படியில் பின்பக்கமாக இறங்கி, புதுச் சட்டை முழுக்கப் புழுதியோடு ஓடிவந்தார். என்னருகே நின்று, மூச்சு வாங்க முதலில் கேட்டது, "வேன்ல எல்லாரும் சேந்தாங்களா?"

"சேந்தாச்சு! உள்ள ஓடுங்கண்ணா!"

ஓடினார். கதவருகே போனதும் நின்றுவிட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பையனிடம், "ஒரு மணி தாண்டிடுச்சே தம்பி. மூடிடணும்ல? ரூலுன்னா ரூலு" என்றார். எஸ்தர் அக்கா அவர் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடியது.

நாங்கள் ஷாமியானாவில் உட்கார்ந்து திரையில் பார்த்தோம். கிருபா மேடையேறினாள், பட்டம் வாங்கினாள், இறங்கினாள். அவ்வளவு பாடும் அந்த ஒரு நொடிக்காகத்தான். பெரியத்தை என் தோளில் சாய்ந்து அழுதார். அந்த வெயிட்டை அன்றைக்கு நான் சந்தோஷமாகத் தாங்கினேன்.

விழா முடிந்து மூவரும் வெளியே வந்தார்கள். கிருபா பட்டம் வைத்த ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி, "பாத்தியாப்பா?" என்றாள்.

அண்ணன் எங்களையெல்லாம் ஒரு முறை பார்த்தார். தப்பு செய்த பிள்ளை மாதிரி தலையைக் குனிந்தார்.

"பேரு கூப்ட்டாங்க கண்ணு. எழுந்து நின்னேன். கண்ணு ஃபுல்லா தண்ணி. ஒண்ணுமே தெரியல."

எஸ்தர் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். கிருபா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கையிலிருந்த ஃபைலைப் பெரியத்தையிடம் கொடுத்து, "நீதான் சீஃப் கெஸ்ட், அங்க போய் நில்லு அத்தை" என்றாள். அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். ஷாமியானாவின் அந்தக் கோடிக்குப் போய், கவுனைச் சரிசெய்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து வந்தாள். பெரியத்தை முன்னால் குனிந்து வணங்கி ஃபைலை வாங்கி, அப்பா பக்கம் திரும்பி நின்றாள்.

"இப்ப தெரிஞ்சுதா?"

அண்ணன் இரண்டு கையாலும் கண்ணை அழுத்தித் துடைத்தார்.

"இன்னொரு வாட்டி வா கண்ணு."

அவள் மறுபடியும் அந்தக் கோடிக்குப் போனாள். நாங்கள் மறுபடியும் கைதட்டினோம். அந்த மனுஷர் அன்றைக்கு எத்தனை வாட்டி கேட்டிருந்தாலும், நான் சலிக்காமல் தட்டியிருப்பேன்.