வியட்நாமுக்கு நான் எழுதிய ராஜினாமா

என் மகள் கலைப்பிரியா வியட்நாமுக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். என் வீட்டில் நான் முடிவு செய்வது ஆறேழு வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அதையாவது மதித்திருக்கலாம்.

போய் என்ன படிக்கப் போகிறாளாம்? விவசாயம். நெல் விளைவிக்கக் கற்றுக்கொள்ளக் கடல் தாண்டிப் போகிறாளாம். ஒலக்கூர் பக்கம் என் ரெண்டு ஏக்கர் நிலம் வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது. நாற்று நடக் கூப்பிட்டால் வெயில் என்பாள். வியட்நாமில் வெயில் லீவா? கேட்டால், இங்கே கவுன்சலிங்கில் சீட் கிடைக்கவில்லையாம், அங்கே ஸ்காலர்ஷிப்போடு படிக்கலாமாம். ஏன், மயிலத்தில் காலேஜ் இல்லையா? வேறு ஏதாவது படிக்கட்டுமே. தினமும் நானே பைக்கில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவேன்.

படிப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நான் பிளஸ் டூ. பாஸா என்று நீங்களும் கேட்காதீர்கள். பெண் பார்க்கப் போனபோது மாமனார் கேட்டார், பாஸ் என்று சொல்லிவிட்டேன்.

"விழுப்புரத்துக்குப் போறோம், பாஸ்போர்ட்டு எடுக்க. வர்றீங்களா?" என்றாள் என் மனைவி கிருஷ்ணவேணி.

"வரமாட்டேன். என் பேரை இந்த விஷயத்துல இழுக்காத."

"கையெழுத்து?"

"போடமாட்டேன்."

"சரிங்க."

கிருஷ்ணவேணி 'சரிங்க' என்றால் நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

ரெண்டே மாதத்தில் சீட் கிடைத்துவிட்டது. தெருவெல்லாம் கேசரி. கையெழுத்தே போடாத எனக்கும் ஒரு தட்டு. கொதித்துப்போய் பக்கத்து வீட்டு சீனுவாசனிடம் போனேன். அவர் மகன் குவைத்தில் இருக்கிறான்.

"அங்கெல்லாம் இனிஷியல் கெடையாது அரங்கநாதன்," என்றார். "அப்பன் பேரை முழுசா பின்னாடி போட்டு, அதையேதான் கூப்பிடுவானுங்க. என் புள்ளையை அங்க எல்லாரும் சீனுவாசன்னுதான் கூப்பிடுறானுங்க. நான் இங்க கொல்லையில மல்லாட்டை பறிச்சிக்கினு இருக்கேன், அங்க ஒருத்தன் தெனம் என்னைத் திட்டிக்கினு இருக்கான்."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அப்படியென்றால் வியட்நாமில் சீட் கிடைத்திருப்பது யாருக்கு? அரங்கநாதனுக்கு. எனக்கு வந்த சீட்டை நான் வேண்டாம் என்றால் எவன் கேட்பான்?

மறுநாளே திண்டிவனம் பஸ் ஏறி, ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல அங்கிருந்தவர் இங்கிலீஷில் அடித்தார். 'ஐயா, நான் ஒலக்கூர் அரங்கநாதன். உங்கள் காலேஜில் சேர எனக்கு விருப்பமில்லை. என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்.'

"உங்க ஈமெயில் சொல்லுங்க."

எனக்கு ஏது ஈமெயில்? பேங்க்கில் கேட்டபோது கிருஷ்ணவேணி எழுதிக் கொடுத்த சீட்டு பர்சில் இருந்தது. அதையே நீட்டினேன்.

மூன்று நாள் ராஜா மாதிரி இருந்தேன். கலைப்பிரியா மட்டும் பெட்டிக்குள் துணியை அடுக்கிக்கொண்டே பாடினாள். அதைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. ஆனாலும் பிள்ளை பக்கத்திலேயே இருப்பாளே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நாலாம் நாள் மத்தியானம். கேப்பைக் களியைத் தட்டில் வைத்துவிட்டு, கிருஷ்ணவேணி போனை எடுத்தாள்.

"உங்களுக்கு வியட்நாம்லேந்து லெட்டர் வந்துருக்குது."

எடுத்த உருண்டையைத் தட்டிலேயே போட்டேன்.

"எனக்கா? உன் போன்லயா?"

"நீங்க குடுத்த ஈமெயில் என்னுதுதானே. கலை, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு."

கலைப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் படித்தாள். "அன்புள்ள அரங்கநாதன், உங்கள் பெயரில் எங்களுக்கு எந்த விண்ணப்பமும் வரவில்லை. உங்கள் ஊரிலிருந்து சேர்ந்திருப்பவர் கலைப்பிரியா கிருஷ்ணவேணி ஒருவர் மட்டுமே."

"கிருஷ்ணவேணியா? என் பேரு எங்க?"

"நீங்கதானே இழுக்காதன்னீங்க. நான் என்னைக்காவது உங்க பேச்சைத் தட்டியிருக்கேனா? அதான் என் பேரைப் போட்டு, நானே கையெழுத்தும் போட்டேன்."

வாய் வரைக்கும் வந்த ஆத்திரம் அங்கேயே நின்றுவிட்டது. கேட்க வேண்டியது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"அப்போ... போயிடுவாளா?"

"ஆவணியில போறா." குரலைத் தணித்துக்கொண்டாள். "நாலே வருசம். ஜல்தியா ஓடிடும். கண்ணைத் தொடைங்க, களியில உப்பு சரியாத்தான் போட்டிருக்கேன்."

துடைத்துக்கொண்டேன்.

"பிரிஞ்சி இருக்க முடியலன்னா நீங்களும் போங்க. இன்னும் ரெண்டு வரி எழுதியிருக்கான், படி கலை."

"உங்களுக்குப் படிக்க ஆர்வமிருந்தால் வயது தடையில்லை. பிளஸ் டூ மார்க் ஷீட்டை அனுப்பவும்."

கிருஷ்ணவேணி என் தட்டில் இன்னொரு உருண்டை வைத்தாள்.

"எங்கப்பாகிட்ட பாஸுன்னு சொன்னீங்களே, அந்த மார்க் ஷீட்டை எடுத்துக்கினு வாங்க."