சொட்டுத்தண்ணியும் நாலு பக்கெட்டும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு "தண்ணியே வேண்டாம்" என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சொட்டுத்தண்ணி. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் தெரியாது. கட்டட வேலை முடிந்த வீட்டைச் சுத்தம் செய்து கொடுப்பது அவர் தொழில். வாசற்படி ஏறியதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது." அந்தச் சொட்டே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் இல்லாமல் சுத்தமா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் முசிறியில் பிறந்தவள். காலையில் வாசல் தெளித்தால்தான் எனக்கு விடியும். வெள்ளிக்கிழமை வீடு கழுவாவிட்டால் சோறு இறங்காது. கல்யாணம் ஆகி வந்த புதிதில் என் மாமியார் என்னிடம் மெச்சிய ஒரே விஷயம் நான் வீடு கழுவும் அழகுதான். சமையலை மெச்சவே இல்லை. அதை விடுங்கள்.

எங்கள் வீட்டில் ஆறு மாதம் வேலை நடந்தது. பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டார்கள். சுவருக்கெல்லாம் பட்டி பூசி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்கள். மேஸ்திரி போனார், டைல்ஸ்காரர் போனார், பெயிண்டர் போனார். தூசி மட்டும் போகவில்லை. துணி கட்டி மூடி வைத்த ஊறுகாய் ஜாடிக்குள் அது எப்படி நுழைந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் பேத்தி கயல் முதல் பிரசவத்துக்கு வர வேண்டும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தில்லை நகர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தூசி இருக்கிற வீட்டுல இந்தப் பொண்ணு ஒரு நாள்கூட தங்கக்கூடாது." கயலின் மாமியார் ரொம்ப நல்லவர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். அவரோ போனில் தேனாகப் பேசினார். "வீடு தயாராகலைன்னா பரவால்லம்மா, நாங்களே இங்க வச்சுப் பாத்துக்கறோம். வியாழக்கிழமை வந்து ஒரு எட்டு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

முதல் பிரசவம் மாமியார் வீட்டிலா? நான் உயிரோடு இருக்கும்போதா?

திங்கட்கிழமை காலையில் சொட்டுத்தண்ணி அந்த 'ஒரு சொட்டு' வசனத்தோடு வந்து இறங்கினார். பளீரென்று வெள்ளை வேட்டி. ஒரு கையில் துடைப்பக் கட்டு, தோளில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு.

"ஏம்ப்பா, தூசி தட்டுற வேலைக்கா வெள்ளை வேட்டி?"

"வேட்டிதான் பெரிம்மா எனக்கு மீட்டரு."

எனக்குப் புரியவில்லை. மத்தியானம் புரிந்தது. ஒவ்வோர் அறையையும் முடித்ததும் நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்வார். எழுந்து, திரும்பி நின்று, "பாருங்க பெரிம்மா, ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" என்பார். எழுபத்து மூன்று வயதில், யாரோ ஒருத்தருடைய வேட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. இலேசாக வெள்ளை பூத்திருந்தால் அந்த அறையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மேலேயிருந்து கீழே வர வேண்டும் என்பது அவர் சட்டம். முதலில் பரண், அப்புறம் ஃபேன், அப்புறம் ஜன்னல், கடைசியில்தான் தரை. ஜன்னல் கதவு ஓடுகிற பள்ளத்துக்குள் சைக்கிள் பம்பை வைத்துப் புஸ் புஸ்ஸென்று அடித்து ஊதினார். பட்டப்பகலில் டார்ச் லைட்டை அடித்து, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எதிர்வீட்டுப் பங்கஜம் அதைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயய்யோ, யாருங்க விழுந்து கெடக்குறது? சோடா கொண்டாங்க!"

"ஒண்ணுமில்லீங்கக்கா, தூசி பாக்குறேன்," என்றார் படுத்தபடியே. "நீங்க செருப்பைக் கழட்டுங்க."

இரண்டு நாளும் துடைப்பமும் துணியும்தான். தண்ணீரைக் கண்ணில் காட்டவில்லை. எனக்குக் கை அரித்தது. புதன்கிழமை மத்தியானம் ஹால் தரையும் அடுப்படித் தரையும் மட்டும்தான் பாக்கி. அவர் சாப்பிடப் போனார். போகும்போது கதவில் சாக்பீஸால் பெரிதாக ஏதோ எழுதிவிட்டுப் போனார். மகன் ஆபீசில், மருமகள் திரைச்சீலை வாங்கத் தில்லை நகரில். விடிந்தால் சம்பந்தி வந்துவிடுவார். தரையோ இன்னும் மங்கலாக இருந்தது. குழாய் இருந்தது, பக்கெட் இருந்தது, நான் இருந்தேன்.

ஊற்றினேன். ஆனந்தமாக ஊற்றினேன். ஹாலில் ஆரம்பித்து அடுப்படி வரை சளசளவென்று கழுவித் தள்ளி, சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனையும் போட்டேன்.

காய்ந்தது. காயக் காய என் முகமும் வெளுத்தது. தரை முழுக்கக் கோலமாவைக் கரைத்து ஊற்றியதுபோல வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கால் விரலால் சுரண்டினேன். அசையவில்லை.

சொட்டுத்தண்ணி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு ஊத்துனது?"

"பூனை தட்டி விட்டிருக்கும்ப்பா."

"பூனை பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு ஹால்லேந்து அடுப்படி வரைக்கும் போச்சுங்களா?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"தண்ணி ஊத்தாதீங்கன்னு கதவுல எழுதியே வச்சேனே பெரிம்மா?"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதேப்பா." எழுத்து தெரியாதது என் ஆயுளில் அன்று ஒருநாள்தான் வசதியாக இருந்தது.

"காது கேக்கும்ல?"

நான் முந்தானையைச் சரிசெய்தேன்.

"எத்தனை பக்கெட்டு?"

"ரெண்டு."

அவர் என்னையே பார்த்தார்.

"நாலு," என்றேன்.

அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. கயல் வர மாட்டாள், பிள்ளை அங்கேயே பிறந்துவிடும், எல்லாம் என் கையால் கெட்டது என்று அப்படியே உட்கார்ந்து அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சொன்னார், "அழாதீங்க பெரிம்மா. அதுவும் தண்ணிதான். தரையில படக்கூடாது."

அழுதுகொண்டே சிரித்தேன்.

"பட்டித் தூசியில தண்ணி பட்டா இப்படித்தான் பாலாப் படிஞ்சு இறுகிப்போயிரும். இனிமே புளிப்புதான் இதை எடுக்கும். பித்தளைச் சொம்பை எதுல தேய்ப்பீங்க?"

"புளியில."

"வீட்டுல எவ்ளோ புளி இருக்கு?"

உப்பிலியபுரத்திலிருந்து என் நாத்தனார் கொடுத்தனுப்பிய வருஷத்துப் புளி, ஒரு பெரிய ஜாடி நிறைய இருந்தது. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தேன். நானே தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். மூலையில் ஒரே ஒரு டைல்ஸில் தேய்த்துப் பார்த்தார். பளிச்சென்றது. அவ்வளவுதான், அவர் கரைத்துத் தேய்க்க, நான் பின்னாலேயே ஈரத்துணியால் துடைத்தேன். தெருவே மணத்தது. எதிர்வீட்டிலிருந்து பங்கஜம் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, புளியோதரையா? எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைங்க!"

சாயங்காலம் மகன் வந்தான். "என்னங்க இது, தரையெல்லாம் புளி?"

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். சொட்டுத்தண்ணி நிமிராமலேயே சொன்னார்.

"வேலை நடந்த வீடுன்னா பால் படியுறது சகஜம்தான் சார். பெரிம்மாதான் புளி போடலாம்னு யோசனை சொன்னாங்க. அவங்க ஜாடிதான்."

"அம்மா! உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதது என்னடா இருக்கு?" என்றேன். வாய் கூசவே இல்லை.

மறுநாள் சம்பந்தி வந்தார். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டினார், விரலைப் பார்த்தார், கதவு இடுக்கில் ஓட்டினார், மறுபடி பார்த்தார். சொட்டுத்தண்ணி முன்னால் வந்தார். ஹால் நடுவில் உட்கார்ந்தார், எழுந்தார், திரும்பி நின்றார். சம்பந்தி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் வேட்டியைப் பார்த்தேன். மல்லிகைப்பூ வெள்ளை.

"நாளைக்கே கூட்டிட்டு வரேம்மா," என்றார் சம்பந்தி.

கயல் வந்தாள். முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஹாலில் அந்தப் புளி தேய்த்த தரையிலேயே பாய் விரித்துத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். மூச்சில் ஒரு விசில் இல்லை. பிள்ளையும் இங்கேதான் பிறந்தது, பெண் குழந்தை. அந்த வருஷம் முழுக்கக் கடையில் பொட்டலப் புளி வாங்கித்தான் ரசம் வைத்தோம். யாராவது ரசம் சரியில்லை என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் இருந்தேன்.

சொட்டுத்தண்ணிக்கு இப்போது நிற்க நேரமில்லையாம். திருச்சியில்தான் தினம் ஒரு வீட்டை இடித்துக் கட்டுகிறார்களே. நான் பழையபடி வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவுகிறேன். ஆனால் பக்கெட்டைத் தூக்கியதும் ஒரு நிமிஷம் ஊற்றாமல் நிற்பேன். வாசலிலிருந்து "பெரிம்மா!" என்று ஒரு குரல் அதட்டாதா என்று.