நானூற்றைம்பது குதிரையும் கீழ்வயல் வாய்க்காலும்

வற்றாப்பளை அம்மாள் துணை

விசுவமடு,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புக்கும், இப்போதைக்கு மரியாதைக்கும் உரிய மச்சான் சுகிர்தனுக்கு,

உமது அக்காவைக் கட்டிய அத்தான் யோகநாதன் எழுதுவது. இங்கே நானும், விமலேஸ்வரியும், மூன்று மாடுகளும், எனது பழைய உழவு இயந்திரமும் அம்மாள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். கனடாவில் உமது உடம்பும் சுகமாகத்தான் இருக்கும். மூளையின் சுகத்தைப் பற்றியே இந்தக் கடிதம். இந்தக் காலத்தில் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று யோசிப்பீர். வாட்ஸப்பில் ஏசினால் நீர் ஒரு பெருவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர். கடிதத்துக்குப் பெருவிரல் காட்ட முடியாது, முழுவதையும் வாசித்தே ஆகவேண்டும்.

போன மாதம் இரண்டு கார்ப் படங்களை அனுப்பியிருந்தீர். ஒன்று கறுப்பு, புத்தம் புதியது. மற்றது சிவப்பு, யாரோ நாலு வருசம் பாவித்தது. இரண்டுக்கும் மசில் கார் என்று பெயராம், நானூற்றைம்பது குதிரை வலுவாம், இரண்டே கதவாம். "அத்தான், வாழ்க்கை ஒருக்கால்தான். புதுசை எடுக்கவோ, பாவிச்சதை எடுக்கவோ? நீங்கள்தான் முடிவு சொல்லவேணும்" என்று குரலை வேறு பதிந்து அனுப்பினீர். அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்கமாட்டேன். கனடாவில் இருபது வருசம் இருந்தவன் விசுவமடுவில் இருக்கிற என்னிடம் கார் விசயம் கேட்கிறானே என்று. பிறகுதான் குரலின் கடைசிப் பகுதி வந்தது. புதியது என்றால் முற்பணத்துக்குக் கீழ்வயலில் உள்ள உமது இரண்டு ஏக்கரையும் விற்கவேண்டும், பாவித்தது என்றால் ஒரு ஏக்கர் போதும். ஆகவே நீர் என்னிடம் கேட்டது காரைப் பற்றி அல்ல. எனது வயிற்றில் எந்தப் பக்கம் வெட்டலாம் என்றுதான் கேட்டீர்.

இருந்தாலும் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்வது மனிசனுக்கு அழகு. எனவே ஆராய்ந்தேன். புதிய கார் கடை வாசலைத் தாண்டிய உடனேயே விலை விழுந்துவிடும் என்று நீரே சொல்கிறீர். வாசலைத் தாண்டினாலே விலை விழுகிற சாமானை வாங்க, எத்தனை போகம் தாண்டினாலும் விலை விழாத நிலத்தை விற்பதா? சரி, பாவித்த கார். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். இந்தக் காரில் எதைப் பிடித்துப் பார்ப்பது? ஒரு வயதுபோன மனிசன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் ஓடிய கார் என்று விற்கிறவன் சொன்னானாம். வயதுபோன மனிசன் தேவாலயத்துக்குப் போக நானூற்றைம்பது குதிரை எதற்கு, பூசை தொடங்கிவிடும் என்ற அவதியா? யாரோ ஒரு பெடியன் சந்தி சந்தியாக வட்டம் அடித்து, ரயரைப் புகைய வைத்து, பிறகு கழுவித் துடைத்து உமது தலையில் கட்டப் பார்க்கிறான். அதுபோகட்டும், உமது ஊரில் ஐந்து மாதம் பனி. இது பின்சில்லு மட்டும் உழக்குகிற கார் என்கிறீர். பனியில் வழுக்கும் என்று ஐந்து மாதமும் போர்த்து மூடி வைப்பீராம். போர்த்து மூடி வைக்க ஒரு சாமான் வேண்டுமென்றால் இங்கே நெல் மூடுகிற பழைய படங்கு ஒன்று கிடக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

இனித்தான் எனக்குக் கோபம் வந்த கதை. எங்கள் பக்கத்துக் காணி மாயாண்டியை உமக்குத் தெரியும். அவருடைய மகள் சுரேகாவுக்குப் போன புதன்கிழமை கலியாணம். மாப்பிள்ளை பிரதீபன் வவுனியாப் பெடியன். மாப்பிள்ளையை ஏற்றிவர வவுனியாவில் வாடகைக்குப் பிடித்த கார் எது என்று நினைக்கிறீர்? நீர் அனுப்பிய சிவப்பனின் கூடப்பிறந்த தம்பி! உறுமலைக் கேட்டு எனது மூன்று மாடும் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. வாய்க்கால் ஓரத்துக் கொங்கிறீட் வீதியில் பாதியை மறித்து நான் நெல் காயப் போட்டிருந்தேன். கலியாண நாளென்று தெரிந்தும் போட்டதுதான். வானம் வேறு மூடிக்கொண்டு நின்றது, வேறு எங்கே போடுவது? எந்த வாகனமும் மற்றப் பாதியால் போய்விடும். ஆனால் இந்தக் கார் பதியவும் அகலமாகவும் படுத்த எருமைபோல வருகிறது. காரை ஓடிவந்த தர்சன் என்ற பெடியன் நெல்லின்மேலே ஏற்றத்தான் பார்த்தான். பின்சீற்றில் இருந்த மாப்பிள்ளையின் தாய் ராக்காயி அம்மா போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "நெல்ல மிதிக்காதப்பா! கல்யாண நாளும் அதுவுமா லச்சுமிய மிதிச்சுக்கிட்டா பொண்ணு வீட்டுக்குப் போறது?"

அவன் பயந்துபோய்க் காரைச் சட்டென்று வெட்டித் திருப்பினான். ஒரு பக்கத்துச் சில்லு இரண்டும் வாய்க்கால் கட்டில் இறங்கி, காரின் வயிறு கொங்கிறீட் விளிம்பில் குந்திவிட்டது. "பயப்பிடாதேங்கோ அம்மா, இது நானூற்றம்பது குதிரை, ஒரு மிதியிலை வெளியிலை வந்திடும்" என்று சொல்லி மிதித்தான். கார் வரவில்லை. சேறுதான் வந்தது. எனது ஆறு மூட்டை நெல்லிலும், பின்னால் வந்த தட்டுக்காரப் பெண்களின் சேலையிலும், வீடியோக்காரனின் கமராவிலும் வந்தது. சரி, இறங்கி நடந்து போங்கள் என்றால், இருக்கிறது இரண்டே கதவு. ஒரு கதவைத் திறந்தால் வாய்க்கால் தண்ணீர். மற்றதைத் திறந்தால் எனது நெல். முன்சீற்றை மடித்தால்தான் பின்னால் இருக்கிறவர் இறங்கலாம், முன்சீற்றில் பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை. அவர் நெல்லில் கால் வைக்க ராக்காயி அம்மா விடமாட்டா. முகூர்த்தத்துக்கு இருபது நிமிசம் இருந்தது. மாயாண்டி ஓடி வந்து, "அண்ணே, நேரம் போகுதுண்ணே, ஒரு வழி பண்ணுங்க" என்று எனது கையைப் பிடித்தார்.

அறுபத்திரண்டு வயதில், வெள்ளை வேட்டியோடு, இருநூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் எனது நெல்லை நானே கூட்டி அள்ளினேன். பிறகு உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தேன். எனது இயந்திரம் முப்பத்தைந்து குதிரை, மச்சான். முப்பத்தைந்து குதிரை நானூற்றைம்பது குதிரையைச் சேற்றிலிருந்து இழுத்துப் போட்டது. கார் மேலே வந்தது, ஆனால் முன்பக்கத்துப் பிளாஸ்ரிக் அரைவாசி வாய்க்காலோடு போய்விட்டது. மாப்பிள்ளை எனது இயந்திரத்தின் மட்காட்டில் இருந்துதான் கலியாணப் பந்தலுக்குப் போனார். தாலி நேரத்துக்கு ஏறியது. அந்தக் காருக்குள் நான் ஒரு காலைக்கூட வைக்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இதையெல்லாம் பார்த்தபிறகும் கீழ்வயலை விற்கவா சொல்கிறாய்? இவ்வளவு நேரமும் நீர் என்று எழுதினேன், இனி நீ என்றுதான் எழுதுவேன், கை அப்படித்தான் போகிறது. நீ அனுப்பிய காசில்தான் இந்த வீட்டுக்குக் கூரை போட்டோம், நான் மறக்கவில்லை. ஆனால் சண்டை முடிந்து அகதி முகாமால் திரும்பி வந்தபோது அந்த வயலுக்கு வரம்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. பற்றைக்குள் எது வயல் எது காடு என்று தெரியாமல் நின்றோம். அந்த வாய்க்காலை நானும் உன் அக்காவும் மண்வெட்டியால் வெட்டினோம். உன் பங்குக்குள்ளால்தான் தண்ணீர் எங்கள் பங்குக்கு வருகிறது. நாளைக்கு யாரோ ஒருவன் அதை வாங்கி, வாய்க்காலை மூடி மதில் கட்டினால் நான் எதைக் கொண்டு வயல் செய்வது, உனது காரைக் கழுவின தண்ணீரையா? எனக்குப் பயமாக இருக்கிறதடா. கோபமாக எழுதினாலும் உள்ளே இருப்பது அதுதான்.

கடைசியாக, புதுசா பழசா என்று அம்மாளிடம் பூக்கட்டிப் பார்க்கும்படி உன் அக்காவிடம் நீ கெஞ்சினாயாம். நேற்றுத் திங்கட்கிழமை வற்றாப்பளைக்குப் போனோம். பொட்டலங்களை நான்தான் கட்டினேன். வெள்ளைப் பூ புதியதற்கு, சிவப்புப் பூ பாவித்ததற்கு. இரண்டும் வேண்டாம் என்று சொல்லவும் அம்மாளுக்கு ஒரு இடம் கொடுக்கவேண்டும் அல்லவா, அதற்கு நாலு நெல்மணி வைத்து மூன்றாவது பொட்டலம். உன் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். நெல்! அம்மாளே நெல்லைக் கையில் கொடுத்துவிட்டா. இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. காரும் இல்லை, காணி விற்பனையும் இல்லை, இது தெய்வத்தின் முடிவு.

பனியில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். பேருந்தில் போ, அதில் சீற்றை மடிக்காமலே இறங்கலாம். அம்மாள் உனக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த குதிரைகளையும் தரட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அத்தான்,
க. யோகநாதன்

பி.கு. (வியாழக்கிழமை): கடிதத்தைத் தபாலில் போட முதல் உமது அக்கா நான் கோயிலுக்குப் போட்டுப்போன சேட்டைத் தோய்க்க எடுத்தார். அதன் பையில் மற்ற இரண்டு பொட்டலங்களும் கிடந்தன. பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் நெல். ஓம், மூன்றிலும் நெல்தான் கட்டினேன். "இஞ்சாருங்கோ, அம்மாளோடையே உங்கடை விளையாட்டு?" என்று கேட்டுவிட்டு, எனக்குத் தேத்தண்ணிகூடத் தராமல், நேற்றுத் தனியாகப் பஸ் ஏறி வற்றாப்பளைக்குப் போய், பூசகரைக் கொண்டு இரண்டே பொட்டலம் கட்டி எடுப்பித்தார். வந்தது சிவப்பு. இதை நான் எழுதும்வரை பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறார். ஆகவே பாவித்ததையே வாங்கும், ஆனால் ரயரைப் பார்த்து வாங்கும்.

காணியை விற்கவேண்டாம். மாயாண்டியிடம் கதைத்தேன். "விக்காதீங்கண்ணே, அஞ்சு வருசக் குத்தகைக்கு நானே எடுத்துக்கிறேன், காச முன்னாடியே தாறேன், வாய்க்கா அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார். உமது முற்பணத்துக்குப் போதுமான காசு. உமது பங்கில் ஐந்து வருசம் நான் விதைக்க முடியாது, பரவாயில்லை, தண்ணீர் வரும்.

அம்மாளிடம் இன்னொரு பொய்யை வைத்திருக்கப் பயமாக இருக்கிறபடியால் இதையும் எழுதுகிறேன். காருக்குள் ஒரு காலைக்கூட வைக்கவில்லை என்று மேலே எழுதியதை வெட்டிவிட்டு வாசியும். கலியாணச் சாப்பாடு முடிந்ததும் தர்சன் நன்றிக்காகச் சாவியை எனது கையில் தந்தான். முன்பக்கம் இல்லாத அந்தக் காரைத் தருமபுரம் சந்திவரைக்கும் நானே ஓடினேன். திரும்பி வரும்போது நான் சிரித்துக்கொண்டு வந்ததாக மாயாண்டி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், அது உண்மைதான். பனி உருகினதும் எனக்கு விசா எடுக்க ஒரு அழைப்புக் கடிதம் அனுப்பும். காரை நீர் வாங்கும் மச்சான், ஓடுறது நான்.