க்யூசி அக்காவின் கரும்புத் தோட்டம்

கம்ப்யூட்டருக்குள் விளைந்த கரும்புக்கு பேட்ச் நம்பர் போட்டு, சாம்பிள் எடுத்து, பூட்டி வைத்த ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் க்யூசி அக்காதான். இன்னொருத்தி இருந்தால் கூட்டி வாருங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். ரொம்ப சந்தோஷப்படாதீர்கள், கிடைக்கமாட்டாள்.

ஹைதராபாத்தில் ஹப்சிகுடா பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். மூன்றாம் மாடி மூலை அறையில் மூன்று கட்டில், மூன்று தமிழ்ப் பெண்கள். நான் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தேன். சேலத்து மாலா மெடிக்கல் கோடிங். மூன்றாவது, திருநெல்வேலி அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு, ஆதார் அட்டையில் பார்த்திருக்கிறேன். பட்டான்செருவில் மாத்திரை செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி கன்ட்ரோல் உத்தியோகம் என்பதால் ஊருக்கே க்யூசி அக்கா.

தினமும் மெட்ரோவில் மியாப்பூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பட்டான்செரு என்று ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தாள். "அங்கேயே ஹாஸ்டல் இருக்கேக்கா?" என்று கேட்டதற்கு, பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்துக் காட்டினாள். "ஆறு ஹாஸ்டல் தண்ணியையும் டெஸ்ட் பண்ணியாச்சுட்டி. எல்லாம் ஃபெயில். இங்கன மட்டுந்தான் பாஸ்." தண்ணீருக்காக ஹாஸ்டலைத் தேர்ந்தெடுத்தவள், அங்கே போட்ட சாம்பாரை எப்படிப் பாஸ் செய்தாள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மாலாவுக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம். எல்லாமே சதுரக் கட்டிகளாலான உலகம் அது. மரம், மாடு, மேகம் எல்லாம் கட்டிதான். மரத்தை வெட்டி, மண்ணைத் தோண்டி, வீடு கட்டிப் பிழைக்க வேண்டும். என் பழைய லேப்டாப்பில் அந்த உலகம் இருந்தது. ஹாஸ்டல் வைஃபை வழியாக மாலாவும் அதற்குள் வந்துவிடுவாள்.

அதில் அவள் ஒரே ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தாள். நான்கு சுவரும் புத்தக அலமாரி. சேலத்தில் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேராக வளர்ந்தவள். ஹாஸ்டலில் மூன்று பேர். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாக்பூரில் மாமியார் வீடு, இரண்டு படுக்கையறை, ஒன்பது பேர். "நிஜத்துல தனி ரூம் எனக்கு அமையாது சுமதி. இதுலயாவது ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். கிளம்பும்போது அந்த உலகத்தை ஒரு பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அலமாரிக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குக் காகிதம், காகிதத்துக்குக் கரும்பு. மாலா ஒவ்வொரு கரும்பாக வெட்டிக்கொண்டிருந்ததை ஒரு ஞாயிறு காலை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"கையாலயா வெட்டுதிய?"

"வேற எப்படிக்கா?"

"சவத்தெளவு! கை படாம வரணும்ட்டி."

அவ்வளவுதான், எங்கள் நிம்மதி போயிற்று. அடுத்த வாரமே அக்கா தன் லேப்டாப்போடு உள்ளே வந்து இறங்கினாள். பதினைந்து நாளில் தோட்டம் தயார். கரும்பு மூன்று கட்டி உயரம் வளர்ந்ததும் ஒரு கருவி அதைக் கவனித்துத் தகவல் கொடுக்கும். உடனே பிஸ்டன் வந்து இடுப்பில் ஒரு தள்ளு தள்ளும். அறுந்த கரும்பு வாய்க்காலில் மிதந்து, புனல் வழியாகப் பெட்டிக்குள் விழுந்துவிடும். நாங்கள் பல் தேய்க்கும் நேரத்திலும் லேப்டாப்பைத் திறந்து வைத்தால் போதும், கரும்பு தானாகக் குவிந்தது.

புத்தக அட்டைக்குத் தோல் வேண்டும், அதற்கு மாட்டை அடிக்க வேண்டும். அக்கா சுத்த சைவம். "அதெல்லாம் தோட்டத்துக்குப் பக்கத்து ஆத்துக்கு அங்கிட்டு வச்சுக்கோங்க. என் கண்ணுல படக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பாவம் மொத்தமும் என் கணக்கில் ஏறியது.

பிறகு சட்டதிட்டங்கள் வந்தன. தோட்டத்து வாசலில் ஒரு பெட்டி. வெளியே போட்ட பூட்ஸை அதில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போட வேண்டிய இரும்பு பூட்ஸை மாட்ட வேண்டும். நான் தினமும் மறந்தேன்.

"ஏட்டி சுமதி, பூட்ஸ் மாத்துனியா?"

"அக்கா, இதுல அழுக்கே ஒட்டாதுக்கா."

"ஆடிட்டர்ட்ட அப்படிச் சொல்லு, பாப்போம்."

மாத்திரை ஆலையைச் சோதிக்கும் ஆடிட்டர் இங்கேயும் எந்த நிமிஷமும் வந்து நிற்பார் என்பது அக்காவின் அசையாத நம்பிக்கை. அதற்காகவே மேசையில் நான்கு நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு பேட்சிலும் தயாரான அலமாரிகளில் இரண்டை எடுத்து, மண்ணுக்கடியில் ஓர் அறையில் பெட்டிக்குள் வைத்து, மேலே பலகையில் நம்பரும் காலாவதி தேதியும் எழுதி வைப்பாள். மாத்திரைத் தொழிற்சாலை வழக்கம் அது. பின்னால் யாராவது புகார் சொன்னால் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். காலாவதியாகி ஒரு வருஷம் வரை அந்த சாம்பிளை யாரும் தொடக் கூடாது. அலமாரி மேல் யார் புகார் சொல்லப் போகிறார்கள் என்று கேட்டேன். பதிலாக ஒரு பார்வை கிடைத்தது.

எங்கள் வார்டன் விமலா ஆன்ட்டிக்கு சிகந்தராபாத்தில் நான்கு தலைமுறை. தமிழ், தெலுங்கு, ஹைதராபாத் உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவார். ஒருநாள் மாலை அறைக்குள் வந்தவர் நோட்டுகளைப் பார்த்து மிரண்டு போனார்.

"கைக்கு, ஏன் மா இத்தினி நோட்டு? ஆடிட்டர் வர்றானா?"

"வரலாம் ஆன்ட்டி. சொல்லிட்டா வருவான்?"

"ஹவ், ஆமா மா, அதுவும் சரிதான்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்கு நான்தான் ஆடிட்டர், காட்டு" என்றார். பூட்ஸும் மாற்றாமல் நேராகத் தோட்டத்துக்குள் நடந்து, வாய்க்காலில் விழுந்து, பதற்றத்தில் அகப்பட்ட பட்டனையெல்லாம் அமுக்கி, இரண்டு பிஸ்டனை உடைத்துவிட்டார். "நக்கோ மா, வேணாம், எனக்கு இந்த வெவசாயமே நக்கோ!" என்று ஓடியவர், அப்புறம் ஒரு வாரம் மூன்றாம் மாடிக்கே வரவில்லை. விசாரணை முடியும்வரை அக்கா தோட்டத்தை இரண்டு நாள் மூடி வைத்தாள். மாலா நகத்தைக் கடித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தாள்.

ஆனாலும் முடித்துவிட்டோம். மாலா ஞாயிறு மாலை ரயில் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமையே நான்கு சுவரும் நிறைந்துவிட்டன. மாலா அந்த அறையின் நடுவில் தன் விளையாட்டுப் பொம்மையை நிறுத்தி, ஒன்றும் செய்யாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமை காலை அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அறை கதகதப்பாக இருக்கட்டுமே என்று மூலையில் ஒரு கணப்பு வைத்தேன். அதற்குள் எரிமலைக் குழம்பை ஊற்றினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அலமாரி ஒன்றில் நெருப்பு. நான் தண்ணீர் வாளி தேடுவதற்குள் நான்கு சுவரும் போய்விட்டன.

மாலா திரும்பி வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "பரவால்ல சுமதி, கேம்தானே" என்று பெட்டியை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கிய புடவையையே மறுபடி மறுபடி மடித்தாள்.

நான் அக்காவின் காதில் கிசுகிசுத்தேன். "சீட் கோட் ஒண்ணு இருக்குக்கா. ஒரு வரி அடிச்சா எத்தனை அலமாரி வேணும்னாலும் வரும்."

"பொய் ரெக்கார்டா? என் வேலையே போயிரும்ட்டி!"

"எனக்கும் வேணாம்" என்றாள் மாலா, தலை நிமிராமல். "நாம செஞ்சதுதான் வேணும்."

அக்கா கட்டிலில் போய் உட்கார்ந்தாள். எழுந்தாள். மீண்டும் உட்கார்ந்தாள். தண்ணீரைக் குடித்தாள், மீட்டரில் பார்க்காமலே. அப்போதுதான் எனக்கு மண்ணுக்கடியில் இருந்த அறை ஞாபகம் வந்தது. அவளுக்கு முதலிலேயே வந்திருக்கிறது. ஒரு சாம்பிளைத் திறப்பது அவளுக்கு எப்பேர்ப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் நோட்டை எடுத்து எழுதினாள். விதியை மீறினால் அவர்கள் ஆலையில் எழுதும் அறிக்கை. எழுதி முடித்து, எங்கள் இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னாள். வாங்கிப் படித்தேன்.

விபத்தின் மூல காரணம்: சுமதி.
சாம்பிளைத் திறக்கக் காரணம்: மாலா போகிறாள்.

மாலா கையெழுத்துப் போட்ட இடத்தில் மை கலைந்துவிட்டது. அக்கா அதைக்கூடக் குறை சொல்லவில்லை.

முப்பத்தொரு பேட்ச், அறுபத்திரண்டு அலமாரி. நான்கு சுவருக்குப் போதாது. ஒரு சுவருக்கு அறுபது பிடித்தது. மற்ற மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்தோம், வெளியே ஓடும் ஆறு தெரிந்தது. முன்பிருந்ததைவிட இதுதான் பிடித்திருக்கிறது என்று மாலா சொன்னாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ. மீந்த இரண்டையும் அக்கா கீழே கொண்டுபோய் வைத்து, புதுப் பலகை எழுதினாள். "மாலா. காலாவதி தேதி: இல்லை." ஞாயிறு மாலை பென்டிரைவ் ரயில் ஏறியது.

அடுத்த வருஷம் நானும் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா, "லேப்டாப்பக் கொஞ்சம் குடுட்டி, தோட்டத்த மூடிட்டுத் தாரேன்" என்று வாங்கி, ஒரு மணி நேரம் வைத்திருந்தாள். முறைப்படி மூட அவ்வளவு நேரம் ஆகும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்தப் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை திறந்தேன். கரும்பு அப்படியே நின்றது. மண்ணுக்கடியில் மாலாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தது. "சுமதி. காலாவதி தேதி: இல்லை." உள்ளே ஒரு ஜோடி இரும்பு பூட்ஸ்.

லேப்டாப்பை நான் தூக்கிப் போடவில்லை. அன்றைக்குப் பூட்ஸை மாற்றிக்கொண்டுதான் தோட்டத்துக்குள் போனேன்.