நூற்றுப் பத்து ஊருக்கும் ஒரே முருங்கைப் பொடி

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. இதை ஒரு நல்ல குணம் என்றே முப்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் குணத்தால் ஒரு முழுக் கடையே உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்துபோகும் என்பது, கல்யாணம் நிச்சயமாக வேண்டிய நாளில்தான் தெரிந்தது.

திண்டுக்கல்லில் பார்த்துவந்த மில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, முருங்கைக்கீரையைக் காயவைத்துப் பொடியாக்கி ஆன்லைனில் விற்க ஆரம்பித்திருந்தேன். "கொல்லையில சும்மா முளைச்சு நிக்கிற கீரையை எந்தக் கிறுக்கன் காசு குடுத்து வாங்குவான்?" என்றார் அம்மா. வாங்கினார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் கொல்லை இல்லாத கிறுக்கர்கள் நிறைய இருந்தார்கள். முருங்கைப் பொடி என்று தேடினால் என் கடை முதல் பக்கத்திலேயே வரும். (தினமும் காலையில் நானே ஒருமுறை தேடிப் பார்த்து மகிழ்ந்துகொள்வேன்.)

கீரை காயவைத்துத் தரும் அத்தைக்கு மரியாதையாக, தளத்தின் அடியில் காந்திகிராமம் என்று அவர் ஊரைப் போட்டிருந்தேன். அதைச் சாணார்பட்டிச் சித்தப்பா பார்த்துவிட்டார்.

"ஏலே அப்பு, அத்தை ஊரு மட்டுந்தேன் ஊரா? நாங்கள்லாம் காட்டுலயா கெடக்கோம்?"

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விடுபட்டால் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. பயந்துபோய்ச் சாணார்பட்டிக்கு என்று தனியாக ஒரு பக்கமே போட்டேன். 'சாணார்பட்டியின் சிறந்த முருங்கைப் பொடி.' கூடவே சித்தப்பாவின் படம். (அவர் வாழ்நாளில் முருங்கைக்கீரையைத் தொட்டவர் இல்லை.) அதைச் சித்தப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். அவ்வளவுதான். பெரியம்மா ஊர், மாமா ஊர், மாமாவின் சம்பந்தி ஊர் என்று ஆறே வாரத்தில் நூற்றுப் பத்துப் பக்கம் ஆகிவிட்டது. எழுத நேரமேது? ஒரே பத்தி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனேன். கூட்டம் கூடினால் வியாபாரம் பெருகும் என்று உள்ளூரப் பெருமை வேறு.

அந்தச் சமயத்தில்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவில் பார்த்த தமிழ்ச்செல்விக்காக நான் இரண்டு புதுச் சட்டை தைத்திருந்தேன். அவள் அப்பா காய்கறி மண்டி வைத்திருப்பவர். கடை என்றால் கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு. பஜ்ஜியை ஓரமாக வைத்துவிட்டு போனை எடுத்துத் தேடினார்.

"ஏனுங்க தம்பி, மொளகாப் பொடி வருதுங்க, பல்லுப் பொடி வருதுங்க. உங்க பொடியக் காணமுங்களே?"

"இங்கன டவர் கெடைக்காதுங்க," என்றார் என் மாமா.

"மத்த பொடியெல்லாம் வருதுங்களே."

நான்கு நாளாக ஆர்டர் குறைந்ததற்குக் கூரியர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் மெயிலைத் திறந்தேன். தேடுபொறிக்காரர்கள் ஐந்து நாளுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். ஒரே சரக்குக்கு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பக்கம் பக்கமாகப் போட்டு எங்களை ஏமாற்றப் பார்க்கிறாய், ஆகவே உன் தளத்தைத் தேடலிலிருந்து நீக்கிவிட்டோம் என்று.

"தண்டனை குடுத்திருக்காங்க," என்றேன். கூடத்தில் பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது.

மாமா அசரவில்லை. "அவுகள்ல பெரிய ஆளு யாரு? ஒரு சால்வையோட போய்ப் பாத்துட்டு வந்துருவம்."

பெண்ணின் அப்பா மகளுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். தமிழ்ச்செல்வி ஒரு ஜவுளிக்கடையின் தளத்தைக் கவனித்துக்கொள்பவள். அவள் குரலை முதன்முதலாக, பதினேழு பேர் சூழ, குற்றவாளியாகக் கேட்டேன்.

"எத்தன பக்கமுங்க போட்டீங்க?"

"நூத்திப் பத்து."

"அத்தனையும் எதுக்குங்க?"

"ஒரு ஊரை விட்டாலும் சொந்தக்காரவுக மனசு சங்கடப்படுமேன்னு..."

அவள் சிரித்தாள். நிறுத்தவே முடியாமல் சிரித்தாள். அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "கடையே இல்லியே கண்ணு, எத நம்பி முடிக்கறது?"

"கடை இருக்குதுங்கப்பா. அந்தப் பக்கங்கள அழிச்சுட்டு உண்மையச் சொல்லிக் கேட்டா திரும்ப விட்ருவாங்க. ஊருல ஒருத்தர் மனசும் நோகக் கூடாதுன்னு கடையவே தொலைச்சிருக்கறாருங்க. என் மனசை மட்டும் நோக விட்ருவாருங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயப் பஜ்ஜி என்று சமாளித்தேன்.

மறுநாள் முதல் அழிப்பு வேலை. ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அழித்தேன். கலெக்டருக்கு எழுதுவதுபோல் மாமா ஒரு மனு தயாரித்தார்: 'உயர்திரு ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு.' அதை அனுப்பியதும், போதாது என்று பதில் வந்தது. பிறகு தமிழ்ச்செல்வி நாலு வரியில் எழுதினாள்: தெரியாமல் செய்தது, எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம், இனி ஒரே பக்கம்தான். மூன்றாவது வாரம் கடை திரும்பி வந்தது. அடுத்த முகூர்த்தத்தில் தமிழ்ச்செல்வியும் வந்தாள்.

அதிலிருந்து நான் யாருக்காவது தலையாட்டத் தொடங்கினால் போதும், "நூத்திப் பதினொண்ணுங்களா?" என்பாள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் தலையை நிறுத்திக்கொள்வேன்.

போன பொங்கலுக்கு மாமனார் வந்திருந்தார். காபியை ஆற்றியபடியே மெதுவாக ஆரம்பித்தார். "ஏனுங்க மாப்ள, இப்பத்தான் கடை நல்லாப் போகுதில்லீங்க. மண்டியில நாலு பேரு கேக்கறாங்க. நம்ம ஒட்டன்சத்திரத்துக்கும் ஒரு பக்கம் போட்டீங்கன்னா..."

நான் தமிழ்ச்செல்வியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "அப்பா ஆசைப்படறாருங்க. ஒண்ணே ஒண்ணு போட்டா என்னங்க ஆயிரும்?"

நான் சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த காபி சட்டையெல்லாம் கொட்டியது. அன்றுமுதல் எங்கள் வீட்டில் நூற்றுப் பதினொன்று என்றால், அது அவளுடைய பட்டப்பெயர்.