ஜீனாமோளின் கணையமும் நாங்கள் கெடுத்த பாயசமும்

கடநாடு, பாலா
நவம்பர் 9

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் ஸ்கரியா அச்சனுக்கு,

ஈசோவுக்குத் துதி. உங்கள் தம்பி அவிராச்சன் எழுதுவது. இங்கே நான், லில்லிக்குட்டி, மகள் ஜீனாமோள், ரப்பர் மரங்கள் எல்லோரும் சுகம். ஜெர்மனியில் குளிர் உங்களையும் உங்கள் சர்ச் பங்கு மக்களையும் அதிகம் படுத்தாமல் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் 'பிரார்த்திப்போம்' என்று வைத்துவிடுகிறீர்கள். எதற்காகப் பிரார்த்திக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. அதனால்தான் கடிதம்.

போன வருஷம் ஜீனாமோளுக்கு நாலு தடவை கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. நாலாவது தடவை, கார் பின்சீட்டில் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு படுத்திருந்தவள், "பப்பா, நான் இனிமே சாப்பிடவே இல்லைன்னா வலிக்காதுல்ல?" என்று கேட்டாள். ஒன்பது வயசுக் குழந்தை, அச்சா. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, டயரைப் பார்ப்பதுபோல இறங்கி நின்று அழுதேன். டயர் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் கொச்சியில் ஷெறீனா டாக்டரைப் பார்த்தோம். "சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற சாறைக் கணையம்தான் சுரக்குது. அதே சாறை நாம கேப்ஸ்யூல்ல வெளியில இருந்து குடுத்தா, அதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணிப் பார்ப்போம்" என்றார். முதல் வாய்ச் சோற்றோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. விழுங்க முடியாவிட்டால் கேப்ஸ்யூலைத் திறந்து, உள்ளேயிருக்கும் குருணையை ஒரு கரண்டி பிசைந்த பழத்தில் தூவி, கடிக்காமல் விழுங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைக் கெடுக்க நம் குடும்பத்தால் மட்டும்தான் முடியும்.

மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று நர்ஸ் சொன்னதை லில்லிக்குட்டியின் தம்பி தோமிச்சன் கேட்டுவிட்டான். அவனுக்குத்தான் பன்றிப் பண்ணை இருக்கிறதே! "அளியா, நம்ம தொழுவத்துல பதினாலு பன்னி நிக்குது. நீங்க என்னடான்னா பன்னியை டப்பாவுல வாங்கிட்டு வர்றீங்க!" என்று குதித்தான். வேண்டாமென்று கும்பிட்டேன். கேட்டானா? அடுத்த தடவை கொச்சிக்குப் போனபோது வாழையிலைப் பொட்டலம் ஒன்றை டாக்டர் மேஜைமேல் வைத்து, "இன்னைக்குக் காலைல எடுத்தது டாக்டரே. இதை மிளகு போட்டுக் குடுக்கணுமா, போடாமலா?" என்று கேட்டான். டாக்டர் பிரித்துப் பார்த்து, நிதானமாக, "தோமிச்சா, இதை எப்படியும் குடுக்கக் கூடாது. அதோட இது கணையமே இல்லை, மண்ணீரல்" என்றார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஜீனாமோளும் சேர்ந்துகொண்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

தோமிச்சன் மட்டும்தான் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஜீனாமோள் பிறந்தநாளுக்கு லில்லிக்குட்டி பால்பாயசம் வைத்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் தூவிக்கொண்டிருப்பானேன், மொத்தமாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எனக்கு ஒரு புத்தி. பாயசம் வெதுவெதுப்பாக ஆறியதும் ஆறு கேப்ஸ்யூலை உடைத்து உருளிக்குள் கொட்டிக் கிளறி மூடிவைத்தேன். கேக் வெட்டி, பாட்டுப் பாடி, மூடியைத் திறந்தால் பால் திரிந்து, சோறு கரைந்து, தண்ணீர் தனியாக நிற்கிறது! வந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டு சாராம்மை நெற்றியில் சிலுவைக் குறி வரைந்துகொண்டாள். "நாம குடிக்கறதுக்கு முன்னாடி மருந்தே குடிச்சு முடிச்சிருச்சே, மனுஷா!" என்று லில்லிக்குட்டி கரண்டியோடு என்னைத் துரத்தினாள். ஆனால் அச்சா, அந்த உருளியைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த மருந்தின்மேல் நம்பிக்கை வந்தது. மூன்று லிட்டர் பாயசத்தை அரை மணி நேரத்தில் இந்தப் பாடு படுத்துகிறதே, என் குழந்தையின் ஒரு பிடிச் சோற்றை விட்டுவிடுமா? டாக்டரிடம் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். அதை நான் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் ஆகிறது. ஒரு தடவைகூட வலி வரவில்லை. மூன்று கிலோ கூடியிருக்கிறாள். கேப்ஸ்யூலை இப்போது முழுசாக விழுங்குகிறாள். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்கா அம்மே?" என்கிறாள். அதைக் கேட்டதும் லில்லிக்குட்டி அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வருகிறாள். டாக்டர் இன்னும் சத்தியம் எதுவும் பண்ணவில்லை. பண்ண வேண்டாம்.

முக்கியமாக எழுத வந்தது என்னைப் பற்றி. நான் மாறிவிட்டேன். படபடப்பு, ஓட்டம், அலறல் எல்லாம் போயிற்று. இனி என்ன வந்தாலும் இந்த வீட்டில் நிதானமாக யோசித்துத்தான் செயல்படுவோம். அவிராச்சனுக்காகத் தனியாக ஜெபிப்பதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் நீங்கள் கொஞ்சம் தூங்கலாம்.

லில்லிக்குட்டி வணக்கம் சொல்கிறாள். தோமிச்சன், ஜெர்மன் பன்றிகள் எத்தனை கிலோ வரும் என்று கேட்கிறான். உங்கள் ஆசீர்வாதத்தை ஜீனாமோளுக்குக் கொஞ்சம் கூடுதலாக அனுப்பவும்.

பாசமுள்ள தம்பி,
அவிராச்சன்

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் உள்ளறையிலிருந்து ஜீனாமோள் "ஐயோ, வயிறு வலிக்குதே!" என்று கத்தினாள். நான் இந்தக் கடிதத்தோடு சேர்த்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன், லில்லிக்குட்டி பையை எடுத்தாள், காரில் பறந்தோம். தோமிச்சன் ஜீப்பில் பின்னாலேயே வந்தான். பாலா ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ், "பேஷண்ட் எங்க, சேட்டா?" என்றாள். நான் லில்லிக்குட்டியைப் பார்த்தேன். அவள் தோமிச்சனைப் பார்த்தாள். "உங்க கார்லன்னுல்ல நெனச்சேன், அளியா!" என்றான். வீட்டுக்குப் போன் போட்டால் ஜீனாமோளே எடுத்தாள். ஸ்கூல் நாடக ஒத்திகையில் ராஜாவின் ஒட்டுமீசை மந்திரியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டதாம். அதைக் கூடப் படிக்கும் கூட்டுக்காரி போனில் சொல்லச் சொல்ல, சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். இதைக் கேட்டதும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. இப்போது டிரிப்ஸ் ஏறுவது எனக்குத்தான். சாராம்மையோடு ஆட்டோவில் வந்துவிட்ட ஜீனாமோள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க பப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஜெபத்தை நிறுத்த வேண்டாம், அச்சா.